இருபத்து மூன்று அங்குல மரியாதை

அத்தியாயம் 4

வாசகர்கள், முடிந்தால், எழுந்து நின்று இந்த அத்தியாயத்தைப் படிக்கவும். நாட்டின் பாதுகாப்பு, நீர்வழிப் போக்குவரத்தின் எதிர்காலம், பதினோரு உறுப்பினர்கள் கொண்ட ஒரு படகுச் சங்கத்தின் மானம் ஆகிய மூன்றும் அன்று பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருந்தன. முதல் இரண்டுக்கும் அந்த விஷயமே தெரியாது. மூன்றாவதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் துப்பறியும் நிபுணருக்குப் போன் போனது.

நிபுணரை ஊரில் பூதக்கண்ணாடியார் என்பார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டே திரிவார். அதன் வழியாக அவர் இதுவரை துல்லியமாகக் கண்டுபிடித்தது அதன் மேலேயே படிந்திருந்த தன்னுடைய கைரேகையைத்தான். அவருக்கு உதவியாளர் அவர் மனைவியின் தங்கை. பதினான்கு வருஷம் தையல் கடை நடத்தியவள். கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். “சும்மா வீட்டுல உக்காந்திருக்கிறதுக்கு உங்க அத்தான் கூடப் போ. துப்புக் கிடைக்குதோ இல்லையோ, குடையைத் தொலைக்காம கூட்டிட்டு வந்தா போதும்” என்று அக்கா அனுப்பிவைத்தாள். அந்தப் பொறுப்பை மச்சினி இதுவரை குறையின்றி நிறைவேற்றி வந்தாள். போகிற வழியில் வழக்குகளும் தீர்ந்தன.

இருவரும் படகுச் சங்கத்தின் அலுவலக அறைக்குள் நுழைந்தபோது, சங்கத் தலைவர் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தார். யாராவது வருகிற சத்தம் கேட்டதும் போய் அப்படி நின்றுகொள்வது அவர் வழக்கம் என்று வாசலில் இருந்த காவலாளி முன்னமே சொல்லியிருந்தார். தலைவர் தன்னைக் கமடோர் என்று அழைக்கச் சொல்வார். அவர் எந்தக் கடற்படையிலும் இருந்ததில்லை. குளியலறைக் குழாய் வியாபாரத்தில் இருந்தார்.

“என் படகைக் கொன்னுட்டாங்க” என்றார் கமடோர், திரும்பாமலே.

“உடல் எங்க இருக்கு?” என்று கேட்டார் பூதக்கண்ணாடியார், குறிப்பேட்டைத் திறந்தபடி.

“அத்தான், படகுங்க” என்றாள் மச்சினி.

கமடோர் திரும்பி, நாற்காலியில் அமர்ந்து, நடந்ததைச் சொன்னார். இன்று மாலை நான்கு மணிக்கு வருடாந்திரப் பந்தயம். அவருடையது இரட்டை இன்ஜின் வைத்த மோட்டார் படகு. காலையில் ஒத்திகைக்காக எடுத்தார். போன வருஷம் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஐயாயிரத்து அறுநூறு சுற்று காட்டிய இன்ஜின் மீட்டர், நாலாயிரத்து எழுநூறுக்கு மேல் ஏறவே இல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தைத் தண்ணீரில் தேய்த்தபடி படகு ஊர்ந்தது. வாத்து வடிவப் பெடல் படகில் வந்த ஒரு புதுத் தம்பதி, சிரித்துக் கையசைத்துவிட்டு, அவரை முந்திக்கொண்டு போனார்கள்.

“வாத்துங்க!” என்றார் கமடோர். குரல் உடைந்தது. “மொத்தச் சங்கமும் கரையில நின்னு பாத்துச்சு.”

“யார் மேல சந்தேகம்?”

“சந்தேகம் என்ன சந்தேகம். மெக்கானிக் அம்மாதான். பதினோரு வருஷமா அந்தம்மாவைத் தவிர வேற யாரும் என் இன்ஜினைத் தொட்டதில்ல. புருஷனுக்குக் கண் ஆபரேஷன்னு பத்து நாள் லீவு போட்டுச்சு. நேத்துதான் வந்துச்சு. இன்னிக்குப் படகு செத்துப்போச்சு. என்ன பண்ணினேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குது.” அவர் மேஜைமேல் இருந்த ஒரு கடிதத்தைத் தட்டினார். வேலைநீக்க உத்தரவு. கையெழுத்துப் போட்டாகிவிட்டது. “மூணு மணிக்குச் சங்கக் கூட்டம். அதுக்குள்ள நீங்க வேற ஆளைக் காட்டலைன்னா, கூட்டத்துலயே இதைக் கையில கொடுத்து அனுப்பிடுவேன்.”

மச்சினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு பெரிய மரப்பலகை. அதில் தங்க எழுத்தில் பதவிகள். ஒவ்வொரு பதவிக்கும் பக்கத்தில் ஓர் எண். கமடோர், 23. உதவிக் கமடோர், 22. கீழே போகப் போக எண்களும் சற்றே அடக்கமாக, இருபது வரை, இறங்கின.

“இது என்னங்க, ஷூ சைஸா?” என்று கேட்டாள்.

கமடோருக்கு முகம் சிவந்தது. “புரொப்பல்லர் அளவும்மா, தண்ணிக்குள்ள சுத்திப் படகைத் தள்ளுற விசிறி. இந்தச் சங்கத்துல மரியாதை அதை வச்சுத்தான். பெரிய புரொப்பல்லர் வச்சவருக்கு முன் நாற்காலி. அடுத்த அளவுக்கு அடுத்த நாற்காலி. நாங்க ஆரம்பிச்ச நாள்லேருந்து இதுதான் ஒழுங்கு. என்னோடது இருபத்து மூணு. இதுவரை யாரும் அதைத் தாண்டல.”

பலகைக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம். போன வருஷம் கோப்பையுடன் கமடோர். அவருக்குப் பின்னால் கரையேற்றிய படகு, தூக்கி நிறுத்திய இரண்டு இன்ஜின்கள். ஒவ்வொரு புரொப்பல்லரின் நடு உருளையிலும் வெள்ளை பெயின்டில், நாலு விரல் உயரத்துக்கு, 23 என்று எழுதியிருந்தது. படத்தில் கமடோர் கோப்பையைவிட அதைத்தான் அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடியார் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, “இவர் பல் விளக்கலை” என்று மெல்ல மச்சினியிடம் சொன்னார். 

*

படகைச் சரிவுத் தளத்தில் இழுத்து வைத்திருந்தார்கள். மெக்கானிக் அக்கா பக்கத்தில் ஒரு பெரிய மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்களில் பதினோரு வருஷத்து கிரீஸ். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து மச்சினிக்கு மட்டும் இடம் கொடுத்தாள்.

பூதக்கண்ணாடியார் நேராகப் புரொப்பல்லர்களிடம் போனார். இடது பக்கத்ததைப் பார்த்தார். வலது பக்கத்ததைப் பார்த்தார். மறுபடி இடது. கழுத்து ஒரு டென்னிஸ் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் நாலைந்து தடவை போய் வந்தது.

“கண்டுபிடிச்சுட்டேன்!” என்று கத்தினார். “ஒண்ணு வலப்பக்கமா முறுக்கியிருக்கு, இன்னொண்ணு இடப்பக்கமா! ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்து வேலை செய்யுது. அப்பட்டமான சதி!”

“அது அப்படித்தாங்க இருக்கணும்” என்றாள் மெக்கானிக் அக்கா, சலனமில்லாமல். “ரெட்டை இன்ஜின்ல ரெண்டும் ஒரே பக்கமா சுத்தினா படகு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். எதிரும் புதிருமா சுத்தினாத்தான் நேரா போகும்.”

“எங்க அக்காவும் அத்தானும் இருபது வருஷமா அப்படித்தான் நேரா போயிட்டிருக்காங்க” என்றாள் மச்சினி.

மெக்கானிக் அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. மச்சினி அந்த இடைவெளியில் உள்ளே புகுந்துகொண்டாள்.

“அக்கா, இந்த இருபத்து மூணுங்கிறது என்ன? குறுக்களவா?”

“குறுக்களவு வேற. இது முறுக்களவு. திருகாணியை மரத்துல முறுக்கினா ஒரு சுத்துக்குக் கொஞ்சம் உள்ள இறங்கும்ல? அது மாதிரி, ஒரு முழுச் சுத்துக்கு இருபத்து மூணு அங்குலம் முன்னால போகணும்னு கணக்கு. தண்ணி மரம் இல்ல, கொஞ்சம் வழுக்கும். ஆனா கணக்கு அதுதான்.”

“அப்ப அளவு பெருசா இருந்தா வேகமாத்தானே போகணும்?”

“இன்ஜினுக்குச் சுத்த முடிஞ்சா போகும். மேட்டுல சைக்கிளை பெரிய கியர்ல போட்டு மிதிச்சுப் பாருங்க, கால் நகரவே…” என்று சொல்ல வந்தவள், பேச்சைக் கத்தரித்தாற்போல் நிறுத்தினாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“ஒண்ணும் தெரியாதவங்க இவ்வளவு அழகா விளக்க மாட்டாங்க” என்றாள் மச்சினி. “நானும் தையல் கடை வச்சிருந்தவதான் அக்கா. கடையை இடிச்சுட்டாங்க.”

“வேலை போகப் போகுது. போகட்டும்னு இருக்க முடியல. எனக்கு இதைத் தவிர வேற வேலை தெரியாது. கத்துக்கவும் பிடிக்கல.” அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து பட்டறைக்குள் போய்விட்டாள்.

மச்சினி குனிந்து புரொப்பல்லரைப் பார்த்தாள். 23 இருந்தது. ஆனால் பெயின்டில் இல்லை. உருளையின் ஓரத்தில், உளி வைத்து அடித்ததுபோல், உலோகத்திலேயே பொடி எழுத்தில் பதிந்திருந்தது. போட்டோவில் நாலு விரல் உயரம். இங்கே எறும்பு உயரம்.

அதாவது, யாரோ இருபத்து மூன்றைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருபத்து மூன்றை மாட்டியிருக்கிறார்கள். திருடன் ஒரு வீட்டுக்குள் புகுந்து, பீரோவைத் தூக்கிக்கொண்டு போய், அதே மாதிரி புது பீரோவைக் கொண்டுவந்து வைத்தது போல. மச்சினி இதை அத்தானிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் அடுத்த நிமிஷமே அது அவருடைய கண்டுபிடிப்பாகிவிடும், அதற்கடுத்த நிமிஷம் தப்பாகியும்விடும். சொல்லவில்லை.

“இங்க பாரு! இங்க பாரு!” பூதக்கண்ணாடியார் வலது புரொப்பல்லருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் விரலை விட்டு எதையோ உருவினார். பளபளவென்று ஒரு நீல நாடா. தண்டில் இறுக்கிச் சுற்றியிருந்தது. “ரிப்பன்! தலைமுடி ரிப்பன்! இந்தக் குற்றத்தின் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள்!” ஆராய்ச்சி முற்றினால் அவருக்குப் பேச்சு மேடைத் தமிழாகிவிடும்.

மச்சினி நாடாவை வாங்கி, விரலிடுக்கில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். சுருள் சுருளாகச் சுருண்டது. பதினான்கு வருஷம் துணியோடு புழங்கிய கைக்கு இது போதும்.

“அத்தான், இது துணியே இல்ல. பிளாஸ்டிக். இதைத் தலையில கட்டினா வழுக்கிட்டு விழும். இது பரிசுப் பெட்டி மேல கட்டுற நாடா.”

“இருந்தாலும் ஒரு பெண் இருக்கிறாள்” என்றார் அவர். கூட்டத்தில் பேசப்போவதற்குக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். குடையைப் படகின் மேல் வைத்திருந்தார். மச்சினி எடுத்துக்கொண்டாள்.

*

பட்டறை, மெக்கானிக் அக்காவைப் போலவே, கறுத்தும் ஒழுங்காகவும் இருந்தது. சாவிகள் அளவுவாரியாகத் தொங்கின. ஓரத்தில் ஆணி வரிசையில் தகர அச்சுகள். ஒவ்வொரு தகரத்திலும் ஓர் எண்ணை வெட்டியெடுத்திருந்தார்கள். மேலே வைத்து பெயின்ட் அடித்தால் எண் பதியும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்துத் தகரம்.

மச்சினி அவற்றின் முன்னால் நின்றாள். இரண்டு என்ற தகரத்தில் வெள்ளை பெயின்ட் அப்பி அப்பி அப்பளம் மாதிரி தடித்திருந்தது. மூன்றிலும் நிறைய. பூஜ்யத்திலும் கொஞ்சம். ஆனால் ஒன்று என்ற தகரம் கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைய பளபளப்போடு இருந்தது. ஒரு பொட்டுப் பெயின்ட் இல்லை.

ஜன்னலோரம் கிடந்த இன்ஜின் கையேட்டைப் புரட்டினாள். அந்த இன்ஜின் வைத்தால் எந்தப் படகுக்கு எந்த அளவுப் புரொப்பல்லர் பொருந்தும் என்று அட்டவணை போட்டிருந்தது. பதினைந்து. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. எல்லாமே ஒன்றில் ஆரம்பித்தன, எதுவும் பத்தொன்பதைத் தாண்டவில்லை.

மச்சினிக்குத் தன் கடையின் ஞாபகம் வந்தது. “இடுப்பு முப்பத்து நாலுன்னு எழுதிக்கம்மா” என்பார்கள் பெரிய மனிதர்கள், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி. அவள் டேப்பைச் சுற்றிப் பார்ப்பாள். நாற்பது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் நாற்பதுக்கு வெட்டித் தைத்து, உள்பக்கம் முப்பத்து நாலு என்று பட்டை வைத்துக் கொடுப்பாள். அவர்கள் போட்டுப் பார்த்து, “சொன்னேன்ல, முப்பத்து நாலுதான்” என்று சந்தோஷமாகப் போவார்கள். பதினான்கு வருஷத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

“அக்கா” என்றாள் திரும்பாமல், “நிஜ அளவு பத்தொன்பதா?”

பின்னால் ஒரு சாவி கீழே விழுந்தது.

“யாரு சொன்னா?”

“உங்க ஒண்ணாம் நம்பர்தான் சொல்லுச்சு. பாவம், அதுக்கு இங்க வேலையே இல்ல.”

மெக்கானிக் அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பதினோரு வருஷம் அடைத்து வைத்தது கடகடவென்று வெளியே வந்தது.

“சேர்ந்த புதுசுல, அவர் சொன்னபடி நிஜ இருபத்து மூணுதான் போட்டேன். படகு எழும்பவே இல்ல. இன்ஜின் புத்தகத்துல ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவுல சுத்தணும்னு போட்டிருக்கு, இது நாலாயிரத்துச் சொச்சத்துல முக்குது. அளவைக் குறைங்க சார்னேன். இன்ஜினை மாத்துன்னார். அந்த மனுஷன் ரெண்டு இன்ஜினையும் மாத்துவார், நம்பரை மாத்த மாட்டார். ஒத்தை இன்ஜினா இருந்தா பதினேழு போட்டிருப்பேன். ரெண்டு பேர் சேர்ந்து சுமக்கிறதால பத்தொன்பது தாங்கும். போட்டேன். மேல இருபத்து மூணுன்னு எழுதினேன். அன்னிக்கு ஒரு சுத்து ஓட்டிட்டு இறங்கி வந்து என் தோள்ல தட்டி, ‘பாத்தியா, இருபத்து மூணோட பவரை’ன்னார்.”

“மத்தவங்க?”

“ஒருத்தருக்குச் செஞ்சா சும்மா விடுவாங்களா? எல்லாருக்கும் நாற்காலி ஆசை இருக்கே. கேட்டவங்களுக்கெல்லாம் கேட்ட நம்பரை எழுதினேன். ஓட்டத்துக்கு எது சரியோ அதை மாட்டினேன். எல்லாப் படகும் நல்லாத்தானே ஓடுச்சு!” அவள் கைகளைத் துணியில் துடைத்தாள். துணிதான் அழுக்கானது. “நேத்து வந்து பாக்கறேன், யாரோ நிஜ இருபத்து மூணை மாட்டி வச்சிருக்காங்க. என் பழசைக் காணோம். இதைப் போய் எப்படிச் சொல்லுவேன்? ‘சார், யாரோ நீங்க கேட்டதையே மாட்டிட்டாங்க’ன்னா?”

“சொல்லலைன்னா சதிகாரின்னு வேலை போகும். சொன்னா மோசக்காரின்னு வேலை போகும்.”

“ரெண்டுல எது கௌரவம்னு காலைலேருந்து யோசிச்சுட்டு இருக்கேன்” என்றாள் மெக்கானிக் அக்கா.

மணி இரண்டேகால்.

மச்சினி நீல நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே வெளியே வந்தாள். கமடோருக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? உறுப்பினர்கள் கொடுக்கமாட்டார்கள், அவர்களுக்கு அவர் நாற்காலி வேண்டும். மனைவி கொடுக்கமாட்டார், முப்பது வருஷம் வாழ்ந்துவிட்டார். கமடோரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டும், அவரைச் சந்தோஷப்படுத்த முடியும் என்று நம்பவும் வேண்டும். இந்த இரண்டு குறைபாடும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது ஓர் உறவில்தான்.

“வாட்ச்மேன் அண்ணே, கமடோர் வீட்டுல சமீபத்துல கல்யாணம் ஏதாவது?”

“நாலு மாசம் ஆச்சு. மாப்பிள்ளை அதோ, கார் பக்கத்துல நின்னுக்கிட்டு அரை மணி நேரமா நகத்தைக் கடிக்கிறாரே, அவர்தான்.”

மாப்பிள்ளை ஒல்லியாக, இஸ்திரி குலையாமல் இருந்தார். மச்சினி பக்கத்தில் போய் ஒரு வார்த்தையும் பேசாமல் நீல நாடாவை நீட்டினாள். அவர் உடனே கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே, பத்திரிகைத் தாளில் குழந்தையைப் போல் சுற்றி, இரண்டு பழைய புரொப்பல்லர்கள். வெள்ளை 23 அங்கங்கே உரிந்திருந்தது.

“பெயின்ட் உரிஞ்சு பாக்க அசிங்கமா இருந்துச்சுங்க” என்றார், கிசுகிசுப்பாக. “மாமாவுக்குப் புதுசு வாங்கித் தரலாம்னு. அதே இருபத்து மூணு. தேடி அலைஞ்சு வரவழைச்சேன். மெக்கானிக் லீவுல இருந்தப்போ நானே வீடியோ பாத்து மாட்டினேன். மேல நாடா கூடக் கட்டினேன். ஜெயிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப வாத்து முந்திடுச்சு. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என்கிட்ட இப்பத்தான் ‘சாப்டீங்களா’ன்னு கேக்க ஆரம்பிச்சிருக்கார்.”

“எதுவும் சொல்ல வேண்டாம். இதைத் தூக்கிட்டுப் போய்ப் பட்டறையில கொடுங்க. இருபது நிமிஷத்துல பழையபடி மாட்டிடுவாங்க. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.”

நல்ல திட்டம்தான். இந்த உலகத்தில் அதைக் கெடுக்கக்கூடிய ஒரே ஆள் அப்போது கூட்ட மண்டபத்தில் மணியடித்துக்கொண்டிருந்தார்.

*

மூன்று மணிக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கும்போதே பூதக்கண்ணாடியார் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். மெக்கானிக் அக்காவையும் ஆள் விட்டு அழைத்திருந்தார். முன் நாற்காலியில் கமடோர், மடியில் கடிதம். பக்கத்தில் உதவிக் கமடோர். அப்புறம் அளவு வாரியாக மற்றவர்கள். மச்சினி ஓடிவந்து கண்ணால் ஜாடை காட்டினாள். அவர் அதை ரசிகையின் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்.

“கனவான்களே! படகின் உயிர்நாடியில் ஒரு ரிப்பன் கிடைத்தது. ரிப்பன் என்றால் பெண். இந்தச் சங்கத்தில் இன்ஜினைத் தொடும் பெண் ஒருத்திதான். குற்றவாளி…” என்று கையை நீட்டினார். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நீட்டியதால் விரல் முதலில் தண்ணீர் ஜாடியைக் காட்டியது. பிறகு திருத்திக்கொண்டது.

கமடோர் எழுந்தார். “போதும். பதினோரு வருஷம் நம்பினேன்.” கடிதத்தை நீட்டினார். “பட்டறைச் சாவியை வச்சுட்டுப் போ.”

மெக்கானிக் அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். மேஜையை நோக்கி நடந்தாள். மண்டபத்தில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே வாயைத் திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து.

“மாமா, நான்தான்.”

கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோடு சுவராக நின்றிருந்த மாப்பிள்ளைதான். சுவரை விட்டு முன்னால் வந்தார். “அவங்க லீவுல இருந்தாங்க. புரொப்பல்லரை நான்தான் மாத்தினேன். உங்களுக்குப் பரிசா.”

கமடோர் அவரையும் ஜன்னல் வழியே தெரிந்த படகையும் மாறி மாறிப் பார்த்தார். “எதை எடுத்துட்டு எதைப் போட்டீங்க?”

“இருபத்து மூணை எடுத்துட்டு இருபத்து மூணு போட்டேன், மாமா.”

“அப்புறம் எப்படி மாப்பிள்ளை வேகம் குறையும்? ஒண்ணு நீங்க பொய் சொல்றீங்க. இல்ல, தப்பா மாட்டியிருக்கீங்க. நாலு மாசத்துல என் படகையும் கெடுத்து…”

“அவர் சரியாத்தான் மாட்டியிருக்கார்” என்றாள் மெக்கானிக் அக்கா. சாவிக்கொத்து இன்னும் கையில்தான் இருந்தது. இப்போது பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். அவளுக்கும் அது தெரியும். “புதுசு நிஜமான இருபத்து மூணு சார். அதான் ஓடல. பழசு பத்தொன்பது. அதான் ஓடுச்சு. பதினோரு வருஷமா நீங்க ஓட்டினது பத்தொன்பதுதான். இருபத்து மூணுங்கிறது பெயின்ட்.”

முதலில் விழித்துக்கொண்டவர் உதவிக் கமடோர். துள்ளி எழுந்தார்.

“பத்தொன்பதா! அப்ப அது என் நாற்காலி! இத்தனை வருஷமா ஒரு பத்தொன்பதுக்கு நான் எழுந்து நின்னு வணக்கம் வச்சிருக்கேன்! எனக்கு இருபத்து ரெண்டு…”

“உங்களுதும் சொல்லட்டுமா சார்?” என்று கேட்டாள் மெக்கானிக் அக்கா. பணிவாகத்தான் கேட்டாள்.

உதவிக் கமடோர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு, உட்காருவதற்காகத்தான் எழுந்தவர் போல, உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பாதி எழுந்திருந்த நாலைந்து பேரும் நாற்காலியைச் சரிசெய்வது போல் பாவனை காட்டி அமர்ந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவருக்கு இருமல் வந்தது.

“இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார் பூதக்கண்ணாடியார். மச்சினி அவர் கையில் குடையைத் திணித்து உட்காரவைத்தாள்.

கமடோர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கடிதம். கண் சுவர்ப் பலகையில். தங்க எழுத்து. ஒரு நிமிஷம் முழுதாகப் போயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில், நிஜ இருபத்து மூன்றோடு வாத்துக்குப் பின்னால் போவதா, பொய் இருபத்து மூன்றோடு எல்லோருக்கும் முன்னால் போவதா என்ற கேள்வி அந்தப் பெரிய மண்டைக்குள் இரட்டை இன்ஜின் போல எதிரும் புதிருமாகச் சுற்றியது. சாவிக்கொத்து மேஜைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

கமடோர் தொண்டையைச் செருமினார்.

“பெயின்ட் காய எவ்வளவு நேரம் ஆகும்?”

“இருபது நிமிஷம் சார்.”

“அப்ப, இந்தத் தடவை கொஞ்சம் பெருசா எழுது” என்றார் கமடோர். கடிதத்தை நாலாக மடித்து, தள்ளாடிய மேஜையின் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆட்டம் நின்றது. “மாப்பிள்ளை, நீங்க டப்பாவைப் பிடிங்க. சாப்டீங்களா?”

கூட்டம் ஒருமனதாகக் கலைந்தது. பார்த்ததை யாரும் பார்க்கவில்லை, கேட்டதை யாரும் கேட்கவில்லை என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. மெக்கானிக் அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். மச்சினியைத் தாண்டும்போது, “கடையை இடிச்சுட்டாங்கன்னு சொன்னீங்களே, பட்டறைக்கு மேல மாடி காலியா இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்குக் கொடி இறங்கியது. கமடோரின் படகு மூக்கைத் தாழ்த்தி, தண்ணீரை உரசியும் உரசாமலும், அம்பாகப் பாய்ந்தது. மீட்டரில் ஐயாயிரத்து அறுநூறு. இரண்டு புரொப்பல்லர்களிலும் ஒரு சாண் உயரத்துக்கு இருபத்து மூன்று. பூதக்கண்ணாடியார் கரையில் நின்று, இந்த வெற்றியில் தன் பங்கைப் பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கமடோர் இரண்டாவதாக வந்தார்.

ஜெயித்தது போன மாதம் சங்கத்தில் சேர்ந்த ஒரு பல் டாக்டர். புரொப்பல்லர் என்ன அளவு என்று அவரிடம் கேட்டார்கள். படகு வாங்கும்போதே மாட்டியிருந்தது, தான் பார்த்ததில்லை என்றார்.